வேலூரில் இருந்த ஒரே நல்ல ஒயின் கடை

வேலூரில் குடிக்க நல்ல இடம் எது என்று என்னைக் கேட்டவர்கள் பல பேர். துரைமார்கள் கேட்டிருக்கிறார்கள், வக்கீல்கள் கேட்டிருக்கிறார்கள், குடியைத் தொடாத தோல் வியாபாரிகளும் கேட்டிருக்கிறார்கள். அதைத் தெரிந்து வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். போன வாரம், நான் முன்பு ஏஜெண்டாக இருந்த ஒயின் கம்பெனியில் இப்போது வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள் என் வீட்டுக்கு வந்து அதையே கேட்டார்கள். மதுவிலக்கு வந்து சேலத்தில் கடைகளை மூடிவிட்டார்கள், இங்கேயும் மூடப்போகிறார்கள், அதற்குள் பழைய ஏஜெண்டுகளின் அனுபவங்களை எழுதி வாங்கி ஒரு மலர் போட வேண்டுமாம்.

"சுவாரஸ்யமா இருக்கணும் சார். அந்தக் காலத்து வேடிக்கைங்க நாலு இருந்தாப் போதும்" என்றான் ஒருவன்.

என்னிடம் வேடிக்கை எதுவும் இல்லை. ஒரு கடையின் கதைதான் இருக்கிறது. அதை அவர்கள் அச்சுப்போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி சென்னையில் இருந்தது. சீமையிலிருந்து பீப்பாய்களில் வரும் ஒயினைக் கிடங்கில் பாட்டில்களில் அடைத்து, கார்க்குப் போட்டு, அதன்மேல் அரக்கு முத்திரை வைத்து ஜில்லாக்களுக்கு அனுப்புவார்கள். எந்த ஊரில் எந்தக் கடைக்குச் சரக்குக் கொடுக்கலாம், எந்தக் கடை வாசலில் கம்பெனியின் போர்டைத் தொங்கவிடலாம் என்று பார்த்துச் சொல்வது ஏஜெண்டின் வேலை. மெட்ரிகுலேஷன் தேறிக் கிடங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சில வருஷங்கள் கழித்து, ஜெர்மன் சண்டை முடிந்த சமயத்தில், வடார்க்காட்டு ஜில்லாவுக்கு என்னை ஏஜெண்டாக அனுப்பினார்கள்.

அனுப்பியவர் மானேஜர் பெல்டன் துரை. நான் கற்ற தொழில் முழுவதும் அவரிடம் கற்றது. ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரையாவது வேலையை விட்டு நீக்குவதென்றால்கூட நாற்காலியை விட்டு எழுந்து, கைகுலுக்கி, தாங்க்ஸ் சொல்லி அனுப்புவார். அவர் கை கொடுத்தால் கிடங்கில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். 

ஒயினைச் சுவை பார்ப்பதை அவர் ஒரு பூசைபோலச் செய்வார். அன்று காலையிலிருந்து காபி கிடையாது, வெற்றிலை கிடையாது. எங்களுக்கும் அதே விதி. பச்சைத் தண்ணீரால் இரண்டு முறை வாயைக் கொப்பளிக்க வேண்டும். கிளாஸைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். கிடங்குத் துணியில் சோப்பு வாசம் இருக்குமாம். விளக்குக்கு நேரே பிடிக்க மாட்டார். வெள்ளைச் சுவர் ஓரமாய்க் கொண்டுபோய்ச் சாய்த்து, ஒயினின் விளிம்பு என்ன நிறம் என்று பார்ப்பார். பிறகு மூக்கு. பிறகு ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டிவிட்டுப் படிக்கத்தில் துப்புவார். கெட்டுப்போன சரக்கைக் கெட்டது என்று சொல்ல மாட்டார். "இது களைத்திருக்கிறது" என்பார். அப்படிச் சொன்ன சரக்கு பிறகு எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. சாக்கடைக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டோம்.

கடையைச் சோதிக்க அவர் சொல்லிக்கொடுத்த வழி வேறு மாதிரி. "முன்பக்கமாக நுழையாதே. கொல்லைப்பக்கம் போ. காலி பாட்டில்கள் எங்கே போகின்றன என்று பார்." கம்பெனி லேபிள் ஒட்டிய காலி பாட்டிலுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு கிராக்கி. அதில் வேறு எதையாவது ஊற்றிப் புதுக் கார்க்கு அடித்துவிட்டால் சீமைச் சரக்குதான். பாட்டிலைக் கழுத்தோடு பிடித்து அரக்கைத் தடவிப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை வைத்த அரக்கு ஓரத்தில் தடித்திருக்கும். கார்க்கைப் பிடுங்கி அடிப்பக்கம் பார்க்க வேண்டும். எங்கள் கார்க்கின் அடியில் சூடு போட்ட குறி இருக்கும்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வேலூருக்கு வந்தேன். கோட்டையும் அகழியும் கோயிலும் சர்ச்சும் உள்ள பழைய ஊர். துரைமார்கள் வருகிறார்கள், பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள், கோர்ட்டு இருக்கிறது. நல்ல ஒயின் கடை நாலாவது இருக்கும் என்று நம்பித்தான் வந்தேன். வெயில்காலம் வேறு. கடை கடையாய் ஏறி இறங்கினேன். ஓட்டுக்கூரைக்கு அடியில் பாட்டில்களை நிற்கவைத்து, கார்க்கெல்லாம் காய்ந்து சுருங்கி, உள்ளே இருந்தது காடியாகிப்போன கடைகளைத்தான் கண்டேன்.

பஜாரில் கன்னையா என்பவரின் கடைதான் பேர்பெற்றது. ஆளுயரக் கண்ணாடிகள், சலவைக்கல் மேஜை, சென்னையிலிருந்து ரயிலில் வரும் ஐஸ்கட்டி. அவர் ஊற்றிக்கொடுத்த சிவப்பு ஒயின் முதல் வாயில் நன்றாகத்தான் இருந்தது. விழுங்கியபின் நாக்கு வறண்டு இழுத்தது. அந்தத் துவர்ப்பு எங்கேயோ தெரிந்த துவர்ப்பாக இருந்தது. கொல்லைப்பக்கம் போனேன். பெரிய மிடாவில் ஆவாரம்பட்டை ஊறிக்கொண்டிருந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பதனிட ஊற வைக்கிறார்களே, அதே பட்டை.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"வூட்டுல தோலு கொஞ்சம் ஊறப்போடறோம் சார்" என்றார் கன்னையா, முகம் மாறாமல்.

ஒரு தோலும் அங்கே இல்லை. பட்டைத் தண்ணீர், வெல்லப்பாகு, சாராயம். மூன்றும் எங்கள் லேபிள் ஒட்டிய பாட்டிலுக்குள் போய்க்கொண்டிருந்தன. கன்னையாவுக்குச் சரக்குக் கொடுக்கக்கூடாது என்று சென்னைக்கு எழுதிப் போட்டேன்.

ஞானம்மாள் கடையை நான் கண்டுபிடித்தது கண்ணாடிச் சில்லுகளை வைத்து. அகழிக்கு எதிரே ஒரு சின்னத் தெரு. அதில் ஒரு வீட்டின் பின்பக்கச் சுவரோரமாய்ப் பச்சையும் பழுப்புமாக இடுப்புயரத்துக்குப் பாட்டில் சில்லுகள் குவிந்து கிடந்தன. வெயிலில் கண் கூசியது. நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பெண்பிள்ளை கதவைத் திறந்தாள். நாற்பது வயது இருக்கலாம். கையில் சுத்தியல்.

"யாருய்யா அது, கொல்லப்பக்கம் வந்து நிக்கிறது?"

"ஒயின் கம்பெனி ஏஜெண்டும்மா."

"ஏஜெண்டுன்னா வாசப்பக்கம் வரக்கூடாதா? அங்கதான இருக்குது கட?"

"இது இன்னாம்மா, இவ்ளோ சில்லு?"

"காலி பாட்டிலு. அப்டியே போட்டா கன்னையா ஆளுங்க சாக்குல வாரிக்கினு போய்டுவானுங்க. அதான் ஒடச்சிடறது."

நான் தேடிவந்த கடை அதுதான் என்று உள்ளே நுழையாமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் புருஷன் பட்டாளத்து மெஸ்ஸில் பட்லராக இருந்தவன். பட்டாளம் போனபின் லைசென்ஸ் எடுத்துக் கடை வைத்தான். அவன் செத்தபின் அவள் தன் பேருக்கு மாற்றி நடத்திக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஆறேழு பேர் உட்காரும்படி மேஜைகள். கண்ணாடி கிடையாது, ஐஸ் கிடையாது. வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை. அதில் பாலாற்று மணலைக் கொட்டி, தினமும் காலையில் தண்ணீர் தெளித்து, அந்த ஈரமணலில் பாட்டில்களைப் படுக்கவைத்திருந்தாள். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் இறங்கினால் உடம்பு சிலிர்த்தது. ஒவ்வொரு பாட்டிலும் எந்த வருஷம் வந்தது என்பது அவளுக்கு வாய்ப்பாடம். வெறும் வயிற்றில் வருகிறவனுக்கு முதலில் ரொட்டியும் வறுத்த கறியும் வைப்பாள். நிதானம் தப்பியவன் யாராக இருந்தாலும், "போதும் தொர, நாளைக்கி வாங்க" என்று கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். மாதா கோயில் சாமியார் பூசைக்கு வேண்டிய ஒயினை அவளிடம்தான் வாங்கினார்.

பெல்டன் துரை ஒருமுறை நேரில் வந்தார். நிலவறையில் இறங்கினார். மணலைக் கையில் அள்ளிப் பிசைந்து பார்த்தார். மேலே வந்து, தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்ந்து, அவள் ஊற்றிய ஒயினைத் துப்பாமல் குடித்தார். அவர் துப்பாமல் குடித்து நான் பார்த்தது அன்றுதான். "இந்த ஜில்லாவில் இது ஒன்றுதான் கடை" என்றார். மறுவாரம் கம்பெனி போர்டு வந்தது.

அதற்குப்பின் சில வருஷங்கள் நல்லபடியாகவே போயின. ஆம்பூரில் கரீம் சாயபு என்று, தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் முதலாளி. லண்டனிலிருந்து தோல் வாங்க வரும் துரைமார்கள் அவரிடம் இரண்டு நாள், மூன்று நாள் தங்குவார்கள். சாயபு ஐந்து வேளையும் தொழுகிறவர். வீட்டில் மதுவை நுழையவிட மாட்டார். வந்தவர்களோ சாயங்காலமானால் தவிப்பார்கள். ஆம்பூரில் அதற்கு இடமும் கிடையாது. சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்தில் நானே அங்கே ஒயினுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஒருநாள் ரயிலில் என்னைப் பார்த்தபோது சாயபு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முதலியார், இத நான் கேக்கக்கூடாது. ஆனா பேஜாராப் போச்சு. வர்ற தொரைங்கள கௌரவமா அனுப்பற மாதிரி ஒரு எடம் சொல்லுங்க. கலாட்டா இருக்கக்கூடாது. என் பேரும் வரக்கூடாது."

ஞானம்மாள் கடையைச் சொன்னேன். அன்றுமுதல் அவருடைய விருந்தாளிகள் காட்பாடி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஜட்கா பிடித்துப் பாலாற்றைத் தாண்டி அவள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரை அவளுக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தார். நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "நம்ம வறுத்த கறியப் பத்தி எழுதலியா?" என்று கேட்டாள்.

பிறகு அந்தப் பெட்டி வந்தது. சென்னைக் கிடங்கிலிருந்து வழக்கம்போல வந்த ஒரு பெட்டி போர்ட் ஒயின். அந்த வாரம் லண்டனிலிருந்து வந்திருந்த துரை, சாயபுவிடம் பெரிய சரக்குப் பேசி முடிக்கும் தறுவாயில் இருந்தவர், ஞானம்மாள் கடைக்கு வந்து அதில் ஒரு பாட்டிலைக் குடித்திருக்கிறார். ஜட்காவில் ஏறும்போதே வாந்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிருக்கு ஆபத்து என்றே முதலில் சொன்னார்கள்.

திருப்பத்தூரில் இருந்த எனக்குச் சாயபு தந்தி கொடுத்தார். நான் வேலூரில் இறங்குவதற்குள், ஞானம்மாள் விஷம் வைத்துவிட்டாள் என்று ஜட்காக்காரர்கள் வரை பேச்சுப் பரவியிருந்தது. கடைவாசலில் கூட்டம். சாயபு ஒரு சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பின்கதவு வழியாக உள்ளே வந்திருந்தார். ஞானம்மாள் அழவில்லை. நிலவறைக் கதவைத் திறந்து எங்களைக் கீழே கூட்டிப்போனாள்.

"பெட்டில மீதி அப்டியே இருக்குது ஏஜெண்டய்யா. நான் தொடல. நீங்களே பாருங்க."

ஒரு பாட்டிலை எடுத்தேன். அரக்கைத் தடவினேன். ஓரம் சன்னமாய், ஒரே வார்ப்பாக இருந்தது. முத்திரை தெளிவாக இருந்தது. சாயபுவிடம் காட்டினேன். அவர் தொடாமல் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு அரக்கை உடைத்துக் கார்க்கைப் பிடுங்கினேன். அடியில் எங்கள் குறி. வாசனை மட்டும் வேறாக இருந்தது. வாயில் ஊற்றியதும் ஒரு பொய்யான தித்திப்பு, அதற்கு அடியில் காடிப் புளிப்பு, கடைசியில் செப்புக்காசை நக்கியதுபோல ஒரு கசப்பு. துப்பினேன். இன்னொரு பாட்டிலை உடைத்தேன். அதுவும் அப்படித்தான்.

"இன்னா முதலியார்? சீலு ஒடையல. உள்ள எப்டிக் கெட்டுது?" என்றார் சாயபு.

"உள்ளே போகும்போதே கெட்டதுதான் சாயபு. இது கிடங்கிலேயே நடந்திருக்கிறது."

ஞானம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "மொத கிளாசு ஊத்தறப்பவே வாசன சரியில்ல, வேற எடுக்கறேன்னேன். தொர கேக்கல. கம்பெனி சீலு இருக்குது, நீ இன்னா பேசறேன்னாரு."

புகாருக்கு உள்ளான சரக்கை மானேஜர் வந்து எடுத்துக்கொள்ளும் வரை பூட்டி வைப்பது முறை. பூட்டிவைத்துத் தந்தி அடித்தேன். பெல்டன் துரை மறுநாளே வந்தார். தொப்பியைக் கழற்றி ஞானம்மாளுக்கு வணக்கம் சொன்னார். அவளுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துவதாகச் சொன்னார். அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்தார். உடைத்தவை, உடைக்காதவை எல்லாப் பாட்டில்களையும் தன் கண்முன்னே பெட்டியில் அடுக்கவைத்து வண்டியில் ஏற்றினார். சென்னையில் பரீட்சை செய்து பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். அந்தப் பாட்டில்களை அதற்குப்பின் யாரும் பார்க்கவில்லை.

அன்று பிற்பகல், தான் இறங்கியிருந்த டிராவலர்ஸ் பங்களாவில் என்னை எதிரே உட்காரவைத்து ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். அவரே இங்கிலீஷில் எழுதியது. ஞானம்மாள் கடையில் இருந்த பெட்டியை ஏஜெண்ட் பார்வையிட்டதாகவும், அதில் இரண்டு பாட்டில்களின் முத்திரை உடைந்திருந்ததாகவும் இருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"அதை உடைத்தவன் நான் சார்" என்றேன்.

"உடைந்திருந்தது உண்மைதானே? யார் உடைத்தது என்று இதில் சொல்லவில்லையே."

"படிக்கிறவர்கள் அவள் உடைத்ததாகத்தான் நினைப்பார்கள்."

"படிக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதற்கு நாம் பொறுப்பல்ல, முதலியார்."

"அந்த ஒயினை நீங்கள் வாயில் வைத்துப் பாருங்கள் சார். ஒரு வாய். அதன்பிறகு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்."

அவர் முகத்தில் கோபம் இல்லை. மேஜையைக் கைக்குட்டையால் துடைத்தார். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். எழுந்தார். கையை நீட்டினார்.

"தாங்க்ஸ், முதலியார்."

நான் கை கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

லைசென்ஸ் கொடுத்த கலால் இலாகாவினர் விசாரணை வைத்தார்கள். லண்டன் துரை அதற்குள் பிழைத்து எழுந்து, தோலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கப்பலேறிவிட்டார். முத்திரை உடையாத பாட்டிலை நான் உடைத்ததை ஞானம்மாளைத் தவிரப் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான். அவரைப் பார்க்க ஆம்பூருக்குப் போனேன். தோல் ஷாப்பின் பின்னறையில் சாயபு என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"முதலியார், நான் பாத்தேன். அல்லா மேல ஆணையா பாத்தேன். ஆனா அங்க வந்து அதச் சொல்ல முடியாது."

"ஒரு பொம்பளையோட பொழப்பு சாயபு."

"தெரியும். என் தம்பி மவளுக்கு நிக்காஹ் பேசிக்கினு இருக்கோம். கரீம் சாயபு ஒயின் கடை நெலவறையில நின்னாரு, பாட்டில மோந்து பாத்தாருன்னு நாளைக்கே வாணியம்பாடி வரைக்கும் பேசுவாங்க. தொழுகைக்கு நிக்கறப்போ பக்கத்துல எவனும் நிக்கமாட்டான். எனக்கு நஷ்டம் கம்மின்னு நெனைக்கிறீங்களா? இந்த வருஷத்துச் சரக்கு முழுக்க அப்டியே கெடக்குது." பிடித்திருந்த என் கையை விட்டார். "அந்தம்மாவுக்கு வேற எது வேணும்னாலும் செய்றேன். இது மட்டும் கேக்காதீங்க."

நான் மட்டும் போனேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பெல்டன் துரை தன் முறை வந்தபோது, தான் எடுத்துப்போன பெட்டியில் இரண்டு பாட்டில்களின் முத்திரை உடைந்திருந்தது என்று மட்டும் சொன்னார்; என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் தவறாகப் பேசவில்லை. "மிகவும் நல்ல மனது உள்ளவர். அந்தக் கடையிடம் அவருக்குப் பற்று அதிகம்" என்றார். அதைக் கேட்டு அறையில் இரண்டொருவர் சிரித்தார்கள். ஞானம்மாள் விதவை. நான் மாதாமாதம் அந்தக் கடைக்குப் போகிறவன். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அடுத்து வந்த கன்னையா, அவள் பஜாரில் அரக்கு வாங்கியதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார்.

ஞானம்மாளிடமும் கேட்டார்கள். "அரக்கு நான் வாங்குனதே இல்ல. என் கொல்லயில வந்து பாருங்க, காலி பாட்டிலு ஒண்ணு முழுசா இருக்குதான்னு" என்றாள். யாரும் வந்து பார்க்கவில்லை.

லைசென்ஸ் போயிற்று. தண்டனை எதுவும் இல்லை. அதைப் பெரிய தயவு என்று அவளிடம் சொன்னார்கள். கம்பெனி போர்டைக் கழற்றப் போன ஆட்களோடு நானும் போக வேண்டியிருந்தது. அவள் உள்ளே நிலவறை மணலை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். பூசைக்கான ஒயினைச் சாமியார் சென்னையிலிருந்து தருவித்துக்கொண்டார். அந்தப் போர்டையே வர்ணம் புதுப்பித்துக் கன்னையா கடையில் மாட்டினார்கள். அங்கே பெல்டன் துரையை அழைத்து மாலை போட்டார்கள். கன்னையா ஊற்றியதை அவர் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகக் கேள்வி. ஆவாரம்பட்டையை அடையாளம் தெரியாத நாக்கு அல்ல அது.

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை, சென்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டும் பகுதிக்கு மேற்பார்வை. மேற்பார்வை என்பது பேருக்குத்தான். ஆள் குறைந்த நாளில் நானும் உட்கார்ந்து ஒட்டுவேன். ஏன் வேலையை விடவில்லை என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். என் மனைவி படுக்கையில் இருந்தாள். பிள்ளைகள் மூவரும் சின்னவர்கள். பெல்டன் துரையிடம் வேலை பார்த்து வெளியே வந்தவனை வேறு கம்பெனி எடுக்காது.

கிடங்கில் பீப்பாய் உருட்டும் ஏகாம்பரம் என்பவனோடு பழக்கமாயிற்று. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பேச்சுவாக்கில் வேலூர் சங்கதியைச் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்:

"அந்தப் பீப்பாயா சார்? கப்பல்லயே புளிச்சிப் போச்சு அது. தொர வாயில வச்சிப் பாத்து, களச்சிருக்குதுன்னாரு. கொட்டிடலாமான்னு கேட்டோம். வாணாம், சரி பண்ணிடலாம்னு ஏதோ வெள்ளப் பொடி வரவச்சாரு. ஈயச் சக்கரன்னு பேராம், தித்திப்பா இருக்கும். நாங்கதான் கலக்குனோம்."

"இதை அப்போதே யாரிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா?"

"யாரு கேட்டாங்க?" என்றான். அது கேலி இல்லை. உண்மையாகவே என் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வேலூருக்குப் போனேன். அகழித் தெரு வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். ஞானம்மாள் ஆம்பூரில் இருப்பதாகச் சொன்னார்கள். கரீம் சாயபு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறாராம்.

தோல் ஷாப்பில் ஒரு நீளக் கொட்டகை. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வந்த தோலில் சுரண்டி எடுத்த ஆட்டுமயிரைப் பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து நிறம் நிறமாய்ப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு காந்தி என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவளை அடையாளம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. விரல் நுனிகளெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தன.

"இன்னா ஏஜெண்டய்யா, இங்கயும் கொல்லப்பக்கமா வந்தீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை.

நான் அவசர அவசரமாக எல்லாவற்றையும் சொன்னேன். புளித்த பீப்பாய், வெள்ளைப் பொடி, ஏகாம்பரம். அவன் சாட்சிக்கு வர ஒப்புக்கொண்டால் மறுபடி மனுப்போடலாம், நான் எழுதுகிறேன், இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. கறுப்பு மயிரை ஒரு பக்கமும் வெள்ளையை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க? எனுக்கு அன்னிக்கே தெரியும். மொத கிளாசு ஊத்தறப்பவே தெரியும்."

"உண்மை வெளியே வரணும் இல்லையா, அம்மா?"

"நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. நான் இல்லேங்கல. சாயபு வேல போட்டுக் குடுத்தாரு. சாமியாரு எனுக்காக வேண்டிக்கிறாராம். அந்தத் தொரகூட எங்கிட்ட எவ்ளோ மரியாதயா பேசுனாரு. எல்லாரும் நல்லவங்கதான் ஏஜெண்டய்யா. என் கடைய மட்டும் யாரும் திருப்பிக் குடுக்கல."

கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்து மேஸ்திரி இன்னா பேச்சு அங்கே என்று சத்தம் போட்டான். அவள் முந்தானையை இழுத்து மூக்கை மூடிக்கட்டிக்கொண்டு அடுத்த குவியலைத் தன் பக்கம் இழுத்தாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.